ஆர்டர் நிரம்பி வழியும் நாளில் யாருக்கு போன் செய்வது?

ஜனவரி 9

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்:

"அக்கா, சின்னதாக ஒரு உற்பத்தித் தொழில் நடத்துகிறேன். நானும் இரண்டு உதவியாளர்களும்தான். தரத்தில் யாரும் குறை சொன்னதில்லை, வாங்கியவர்கள் திரும்பவும் வருகிறார்கள். ஆனால் இரண்டு மாதம் தலை நிமிர நேரமிருக்காது, அடுத்த இரண்டு மாதம் ஈ ஓட்டுவேன். மூன்று வருடமாக இதே கதை. விற்பனைக்கென்று ஒரு ஆள் போட்டால் சரியாகிவிடுமா? பொருள் நன்றாக இருந்தால் விற்பனை தானாக வரும் என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்."

ஜனவரி 9, இரவு

இப்போதைக்கு ஆள் போடாதீர்கள் தம்பி. ஏன் என்று பிறகு எழுதுகிறேன். உங்கள் கடைசி வரியை முதலில் பேசிவிடலாம். நானும் ஏழெட்டு வருடம் அதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான் அட்டைப்பெட்டி செய்கிறேன். மற்ற தொழிற்சாலைகள் தங்கள் சரக்கை வைத்து அனுப்புகிற பழுப்புப் பெட்டி. 22 வருடம் ஆகிறது. 5 ப்ளை (ஐந்து தாள் சேர்த்து ஒட்டிய அட்டை) என்று சொன்னால் 5 ப்ளை இருக்கும். எட்டு அடுக்கு ஏற்றினாலும் அடிப்பெட்டி நசுங்காது. ஆனால் என் பெட்டியைத் தொட்டே பார்க்காத ஒருவருக்கு இது எப்படித் தெரியும்? நல்ல பொருள் ஏற்கெனவே வாங்கியவரைத் திரும்ப அழைத்து வரும். வாங்காதவரிடம் போய்ப் பேச அதற்கு வாய் கிடையாது. அதற்கு நீங்கள்தான் போக வேண்டும்.

அடுத்தது அந்த இரண்டு மாதம் வேலை, இரண்டு மாதம் ஈ. இது பருவத்தால் வருவது என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் பழைய நோட்டுகளை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தேன். புதிதாக ஒருவரிடம் முதல் முறை பேசியதிலிருந்து அவர் ஆர்டர் தரும் வரை சராசரியாக 6 வாரம். சாம்பிள் கேட்பார், அளவு மாற்றுவார், பார்ட்னரிடம் காட்ட வேண்டும் என்பார். ஆர்டர் வந்தபின் செய்து அனுப்ப 2 வாரம். அனுப்பியபின் பணம் கைக்கு வர 45 நாள். கூட்டினால் 101 நாள்.

இன்றைக்குக் கல்லா காலியாக இருந்தால், அது காலியானது 3 மாதத்துக்கு முன்பு. அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வேலை தலைக்கு மேல் போயிருக்கும், யாருக்கும் போன் செய்திருக்க மாட்டீர்கள். வேலை இல்லாதபோது விற்கக் கிளம்புகிறோம். ஆர்டர் வந்ததும் விற்பதை அப்படியே போட்டுவிட்டுப் பட்டறைக்குள் புகுந்துகொள்கிறோம். எல்லாம் முடித்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் ஆள் இல்லை. இது பருவம் செய்வதில்லை, நாமே செய்துகொள்வது.

தினமும் 2 மணி நேரம் விற்பனைக்கு என்று ஒதுக்குங்கள். வேலை நெருக்குகிற நாளில் கட்டாயம்.

ஜனவரி 10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 2 மணி நேரம் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன், தூக்கம் வரவில்லை. நான் செய்வது 2 மணி நேரம் இல்லை. 1 மணி நேரம்தான், காலை 9.30 முதல் 10.30 வரை. செய்யாத ஒன்றை அடுத்தவருக்குச் சொல்லக் கூடாது. இரண்டு உதவியாளர்களோடு பட்டறையில் நிற்கிற ஆள் 2 மணி நேரம் என்று தொடங்கினால் நாலாம் நாள் விட்டுவிடுவார். 1 மணி நேரம் என்றால் நிற்கும்.

அந்த மணி நேரத்தில் நான் 5 பேரிடம் பேசுவேன். யாரிடம் என்பது முந்தின நாள் மாலையே எழுதி வைத்தாயிற்று. காலையில் வந்து உட்கார்ந்து "யாருக்குப் பேசலாம்" என்று யோசிக்க ஆரம்பித்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். கை தானாகச் சுலபமான பெயரைத்தான் தேடும், நன்றாகப் பேசுவாரே, நலம் விசாரிப்பாரே அவர். அவரிடம் பேசினால் மனம் நிறையும், ஆர்டர் புத்தகம் நிறையாது.

5 பேரில் முதலில் வருகிறவர்கள் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போனவர்கள். அடுத்து, வழக்கமாக 40 நாளுக்கு ஒரு முறை ஆர்டர் தருகிறவர் 55 நாளாகியும் பேசவில்லை என்றால் அவர். பழைய வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போவது குறைவு. பெரும்பாலும் சொல்லாமல்தான் போகிறார். அந்த 15 நாள் தாமதம்தான் அவர் கொடுக்கும் ஒரே அறிகுறி. கடைசியில் ஒரு புதிய பெயர். ஒன்று போதும். வாரத்துக்கு 6 நாள் என்றால் வருடத்துக்கு 300 புதிய பெயர் ஆகிறது. அவ்வளவு பேரைச் சமாளிக்க நம்மால் முடியாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படத்தையும் அளவையும் அனுப்ப அது நல்லது. ஆனால் "பார்க்கிறேன்" என்ற பதிலில் தயக்கம் இருக்கிறதா, விருப்பம் இருக்கிறதா என்று எழுத்தில் தெரியாது, குரலில் தெரியும்.

ஜனவரி 12

ஆள் போடுவது பற்றி.

விற்பனைக்கு வருகிறவரிடம் நீங்கள் என்ன கொடுக்கப் போகிறீர்கள்? பொருளின் படமும் விலைப்பட்டியலும். அதை வைத்துக்கொண்டு அவர் செய்யக்கூடியது விலையைக் குறைப்பது மட்டும்தான். வாடிக்கையாளர் எந்த இடத்தில் தயங்குகிறார், எந்தக் கேள்விக்குப் பிறகு சாம்பிள் கேட்கிறார், யாரிடம் பேசினால் நேரம் வீண் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியாதபோது அவருக்கு எப்படிச் சொல்லித் தருவீர்கள்? நான் ஒரு முறை ஆள் போட்டேன். நல்ல பையன், பேச்சில் கெட்டிக்காரன். 5 மாதத்தில் போய்விட்டான். போகும்போது, "எனக்கு யாரிடம் போகணும்னே தெரியலைக்கா" என்றான். அவன்மேல் தப்பில்லை. எனக்கே தெரியவில்லை, அவனுக்கு எப்படித் தெரியும்?

முதல் 50 புதிய பேச்சுகளை நீங்களே பேசுங்கள். குறித்து வையுங்கள். அதன்பிறகு ஆள் போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஜனவரி 15

குறித்து வைப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது கோடு போட்ட நீள நோட்டு. என் மகள் எக்செலில் ஏற்றித் தருகிறேன் என்றாள், ஏற்றியும் தந்தாள். அதில்தான் வருடக் கணக்கு எல்லாம் பார்க்கிறேன். ஆனால் காலை வேலைக்கு நோட்டுதான். எது கைக்கு வாகோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர், என்ன செய்கிறார், என்ன பேசினோம், இதெல்லாம் எல்லாரும் எழுதுவதுதான். விட்டுப்போகிற கட்டம் ஒன்று உண்டு: அடுத்து எந்தத் தேதியில் பேச வேண்டும். "அப்புறம் பேசணும்" என்று எழுதினால் அந்தப் பெயர் அங்கேயே முடிந்தது. "யோசிச்சு சொல்றேன்" என்று அவர் வைத்துவிட்டால் தேதியை நீங்கள் போடுங்கள். வைப்பதற்கு முன்பே, "18-ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் கூப்பிடட்டுமா?" என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. சரி என்றால் அவரே தந்த நேரம், தொந்தரவு ஆகாது. வேண்டாம் என்றால் உண்மையான பதில் அன்றே கிடைத்துவிட்டது.

பழைய வியாபாரிகள் பாக்கி எழுதுவதில் ஒரு பைசா தவறவிட மாட்டார்கள். நமக்கு வர வேண்டிய பணத்தை எழுதுகிறோம், நமக்கு வரக்கூடிய ஆர்டரை மனதில் வைத்துக்கொள்கிறோம். மனதில் 15 பெயர் தங்கலாம். என் நோட்டில் இப்போது 140 பெயர் இருக்கிறது.

அதில் ஒருவர் இதுவரை 11 முறை வேண்டாம் என்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மரியாதையாகத்தான் சொல்வார். 3 மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவேன். ஒரு முறை அவரே, "நீங்க கூப்பிட்டாத்தான் மூணு மாசம் ஆச்சுன்னு தெரியுதும்மா" என்று சிரித்தார். விடலாமா, விடக் கூடாதா என்று எனக்கு இன்னும் முடிவு வரவில்லை.

ஜனவரி 19

தள்ளுபடி. இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், எழுத ஆரம்பித்தால் நீளும் என்று தெரியும்.

ஈ ஓட்டுகிற மாதத்தில் நமக்கு வரும் முதல் யோசனை விலையைக் குறைப்பது. "10 சதவீதம்தானே" என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100-க்கு விற்கிறீர்கள், அடக்கம் 70, கையில் 30. பத்து சதவீதம் குறைத்தால் விலை 90. அடக்கம் குறையாது, அதே 70. கையில் 20. முன்பு 100 பெட்டி விற்று வந்த லாபம் இப்போது வர வேண்டுமென்றால் 150 பெட்டி விற்க வேண்டும். ஒன்றரை மடங்கு வேலை, ஒன்றரை மடங்கு காகிதம், ஒன்றரை மடங்கு வண்டி, பழைய லாபம். இந்தக் கணக்கை முதல் முறை போட்ட அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. 6 வருடமாகக் கேட்டவருக்கெல்லாம் 10 சதவீதம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பியும் போடலாம். விலையை 5 சதவீதம் ஏற்றினால் கையில் 35. ஏழு வாடிக்கையாளரில் ஒருவர் போய்விட்டாலும் லாபம் அதே அளவில் நிற்கும், வேலை குறையும். ஏற்றத்தான் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இறக்கும்போது வருகிற தைரியம் ஏற்றும்போது ஏன் வருவதில்லை என்று மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள்.

ஜனவரி 20

ஒரு வாசகர் பிடித்துவிட்டார், அவருக்கு நன்றி. "நீங்கள் 30 சதவீத லாபம் என்பது விற்பனை விலையில். எங்களைப் போன்றவர்கள் அடக்கத்தின் மேல் 30 வைத்து அதைத்தான் 30 சதவீதம் என்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்.

சரியாகச் சொன்னார், அப்படி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். அடக்கம் 100, அதன் மேல் 30 வைத்து 130-க்கு விற்கிறீர்கள். விற்பனை விலையில் பார்த்தால் உங்கள் பங்கு 23 சதவீதம்தான். இதில் 10 சதவீதம் குறைத்தால் விலை 117, கையில் 17. பழைய லாபத்துக்கு 76 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். 100 பெட்டி விற்ற இடத்தில் 176 பெட்டி. வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்பது விற்பனை விலையில், நாம் லாபத்தை நினைப்பது அடக்கத்தின் மேல். இரண்டுக்கும் ஒரே சொல்லாகச் "சதவீதம்" என்கிறோம், அந்தச் சந்தில்தான் பணம் ஒழுகிப்போகிறது.

இன்னொருவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது: "இயந்திரம் சும்மா நிற்கும்போது 30 இல்லாவிட்டாலும் 17 வரட்டுமே?" ஒரு முறைக்கு ஒத்துக்கொள்கிறேன். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அடுத்த ஆர்டருக்கு அவர் 117-இலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார். இறக்கிய விலையை நான் மறுபடி ஏற்ற முயன்றபோது பாதிப் பேர் போய்விட்டார்கள். சும்மா நிற்கும் நாட்களுக்காகக் குறைத்த விலை, வேலை நிறைந்த நாட்களிலும் கூடவே வரும்.

ஜனவரி 24

"பேரம் பேசாமல் யார் வாங்குகிறார்கள்?" என்ற கேள்வி.

பேசட்டும், தப்பே இல்லை. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற சமயக் குழுவினர் பேரம் பேச மறுத்தார்கள். வாங்க நினைக்கும் விலையைவிடக் குறைத்துக் கேட்பதும் விற்க நினைக்கும் விலையைவிடக் கூட்டிச் சொல்வதும் பொய் என்று அவர்கள் கருதினார்கள். ஒரே விலை, எல்லாருக்கும் அதே விலை. காலப்போக்கில், குழந்தையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று பெயர் வாங்கினார்கள். அவ்வளவு உறுதி எனக்கு வரவில்லை. ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்: காரணம் இல்லாமல் விலை குறையாது.

காரணம் இருந்தால் குறைப்பேன். 2,000 பெட்டிக்குப் பதில் 5,000 எடுத்தால் குறைப்பேன், ஒரே தடவை இயந்திரம் செட் செய்தால் போதும், எனக்கும் மிச்சம். முன்பணம் முழுதும் தந்தால் குறைப்பேன். அச்சை இரண்டு நிறத்திலிருந்து ஒரு நிறமாக்கினால் குறைப்பேன். சும்மா "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றால், "எதைக் குறைச்சுக்கலாம் சொல்லுங்க" என்று கேட்பேன். பெரும்பாலானவர்கள் எதையும் குறைக்க விரும்புவதில்லை. விலை அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று, விலையைச் சொன்னதும் நிறுத்துங்கள். சொல்லிவிட்டு அவர் வாய் திறக்கும் முன்பே "வேணும்னா பார்த்துக்கலாம்" என்று நாமே இறங்குகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அந்த நாலைந்து நொடி மௌனம் நமக்குத்தான் கனம். இதைப் பழக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. மேசைக்கடியில் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிப்ரவரி 2

சில நாளாக எழுதவில்லை. ஒருவர் தனியாக எழுதிய கேள்வி மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர், மாதம் தவறாத ஆர்டர், அவர் ஒருவரே போதும் என்று இருக்கிறாராம். எதற்குத் தினமும் 1 மணி நேரம் என்று கேட்கிறார்.

எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். ஒருவர் என்றால் ஒரு நிறுவனம். என் மொத்த விற்பனையில் 60 சதவீதம் அவர்கள். 9 பேர் என்னிடம் வேலை செய்தார்கள். புதிதாக யாரிடமும் பேச வேண்டிய தேவை இல்லை, பேசினாலும் செய்து கொடுக்க இயந்திரத்தில் இடமில்லை. நோட்டில் 2 வருடத்துக்கு ஒரு புதிய பெயர்கூட இல்லை. அந்தப் பக்கங்களை இப்போது பார்த்தாலும் கஷ்டமாக இருக்கும்.

முதல் வருடம் 3 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். அடுத்த வருடம் 5. பணம் 45 நாளிலிருந்து 60 ஆயிற்று, பிறகு 90. ஒவ்வொரு முறையும் மறுக்கலாம் என்றுதான் கிளம்பிப் போவேன். 60 சதவீதம் கையில் வைத்திருப்பவரிடம் மறுத்துப் பேச எனக்கு எங்கே இடம்? மறுக்கும் வசதியை, புதிய பெயர் ஒன்றுகூட எழுதாத அந்த 2 வருடத்திலேயே இழந்துவிட்டேன். அது அப்போது புரியவில்லை.

பிறகு ஒரு நாள் அவர்களுடைய கொள்முதல் அதிகாரி மாறினார். புதியவர் வேறு இடத்தில் வாங்கினார். கடிதம் இல்லை, சண்டை இல்லை. அடுத்த மாத ஆர்டர் வரவில்லை, அவ்வளவுதான். 90 நாள் பாக்கி அவர்களிடம் நின்றது. அது வந்து சேர 7 மாதம் ஆயிற்று. 9 பேரில் 5 பேரை நான்தான் உட்கார வைத்துச் சொல்லி அனுப்பினேன். அதில் ஒரு அம்மா, "நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. பெட்டி ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. காலையில் 1 மணி நேரம் போனை எடுக்காதவள் நான், வேலை போனது அவருக்கு.

அந்த வருடம்தான் 9.30 மணி வழக்கத்தை ஆரம்பித்தேன். அந்த அம்மா இரண்டரை வருடம் கழித்துத் திரும்ப வந்தார். இன்றும் இருக்கிறார்.

பிப்ரவரி 3

"எத்தனை சதவீதம் வரை ஒருவரிடம் இருக்கலாம்?" நான் போட்டுக்கொண்ட கோடு 25. அதற்குமேல் போகும்போது அவரைக் குறைக்க மாட்டேன், மற்றவர்களைக் கூட்ட முயல்வேன். எல்லாருக்கும் பொருந்தும் எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் நாளை காலை நின்றுவிட்டால் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்க முடியும் என்று கேட்டுக்கொண்டு உங்கள் கோட்டை நீங்கள் போடுங்கள்.

பிப்ரவரி 11

வசூல். விற்பனை ஒழுங்கு என்ற பேச்சில் வசூல் எதற்கு என்று ஒருவர் கேட்டார். பணம் வந்து சேரும் வரை விற்பனை முடியவில்லை, அதனால்தான்.

செலவெல்லாம் போக 100-க்கு 8 மிஞ்சுகிற தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 100 தராமல் ஓடிவிட்டால் அந்த ஓட்டையை அடைக்க 1,250-க்கு விற்க வேண்டும். அந்த 1,250-ம் ஒழுங்காக வசூலாக வேண்டும்.

பணத்தைக் கேட்கக் கூச்சம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இருந்தது, குறிப்பாக வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்து போகிறவர்களிடம். கடன் அன்பை முறிக்கும் என்பார்கள். முறிப்பது பெரும்பாலும் கேட்காமல் விட்ட கடன். மனதுக்குள் வைத்துப் புழுங்கி, ஒரு நாள் வெடித்து, உறவும் போய்ப் பணமும் போகும்.

இரண்டு காரியம் செய்தேன், கூச்சம் பாதி குறைந்தது. முன்பெல்லாம் மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லா பில்லையும் மொத்தமாக அனுப்புவேன். 3-ஆம் தேதி போன சரக்குக்கு 30-ஆம் தேதி பில். அவர்கள் 45 நாளைப் பில் தேதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள்! 27 நாளை நானே இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வண்டியோடு பில் போகிறது.

இரண்டாவது, கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு போன். பணம் கேட்க இல்லை. "பில் வந்துதா, அளவு, எண்ணிக்கை எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்க. ஏதாவது தகராறு இருந்தால் அன்றே வெளியே வந்துவிடும். கெடு முடிந்தபிறகு, "50 பெட்டி ஈரமா வந்துச்சு, அதான் நிறுத்தி வெச்சோம்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. சரியாக இருக்கிறது என்று சொன்னவர் அடுத்த வாரம் கொடுத்துவிடுகிறார்.

கெடு தாண்டி இழுப்பவருக்கு அடுத்த சரக்கை நிறுத்துவேன். நிறுத்துவேன் என்று முதல் ஆர்டரின்போதே சொல்லியும் விடுவேன். பின்னால் சொன்னால் அது சண்டை, முன்னால் சொன்னால் அது ஏற்பாடு.

பிப்ரவரி 20

"ஒரே வார்த்தையை எல்லாரிடமும் ஒப்பித்தால் கிளிப்பிள்ளை மாதிரி இருக்காதா? மனதார வருவதைப் பேசினால் என்ன?"

நல்ல கேள்வி. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஜான் ஹென்றி பேட்டர்சன் என்பவர் 1884-இல் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். கல்லா இயந்திரம் அப்போது யாரும் கேட்காத பொருள். கடைக்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம். அவருடைய விற்பனையாளர்களில் நன்றாக விற்றவர் அவருடைய மைத்துனர் ஜோசப் கிரேன். எப்படி விற்கிறாய் என்று கேட்டால், ஒவ்வொருவரிடமும் அதே பேச்சைத்தான் பேசுகிறேன் என்றாராம். அதை அப்படியே எழுதி வாங்கி 1887-இல் அச்சிட்டு எல்லா விற்பனையாளருக்கும் கொடுத்தார் பேட்டர்சன். 1893-இல் விற்பனையாளர்களுக்கென்று பயிற்சிப் பள்ளியே நடத்தினார்.

இதை நான் அறிந்தபிறகு என் பேச்சையும் எழுதினேன். மொத்தம் 6 வரி. யார் நான், ஏன் கூப்பிடுகிறேன், பிறகு 3 கேள்வி: இப்போது எந்த அளவுப் பெட்டி வாங்குகிறீர்கள், அதில் எது அடிக்கடி கிழிகிறது அல்லது நசுங்குகிறது, மாற்ற வேண்டுமென்றால் யார் முடிவெடுப்பார்கள். கடைசி வரி, சாம்பிள் அனுப்பட்டுமா. வரிகள் கையில் இருப்பதால் அடுத்து என்ன சொல்வது என்ற பதற்றம் இல்லை. அந்தப் பதற்றம் இல்லாததால்தான் அவர் சொல்வது காதில் விழுகிறது. முன்பு மனதார வந்ததைப் பேசிய காலத்தில் பேசியதெல்லாம் நான்தான், அவர்கள் "ம்" கொட்டினார்கள்.

பேட்டர்சனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கதையாகிவிடும். போட்டியாளர்களை ஒழித்துக்கட்டச் செய்த காரியங்களுக்காக அவரும் அவருடைய அதிகாரிகள் பலரும் 1913-இல் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 1915-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. ஆனாலும் அந்த வழியைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். பக்கத்துப் பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசுவதில்லை என்பதும் என் 9.30 மணி வழக்கத்தில் அடக்கம். என் இயந்திரம் பழுதாகி நின்ற வாரம் என் ஆர்டரைச் செய்து கொடுத்து என் பெயரைக் காப்பாற்றியது அந்தப் பட்டறைதான்.

மார்ச் 4

மேலே எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒரு இடம் உறுத்துகிறது.

ஒரு வாசகர் எழுதுகிறார்: "எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். நேரில் சமாளிப்பேன், போனில் முதல் சொல்லே வராது, மறுமுனையில் வைத்துவிடுவார்கள். நீங்கள் சொல்லும் 1 மணி நேரம் எனக்கு இல்லையா?"

உண்டு ஐயா. போன் என்று நான் எழுதியது என் பழக்கம், அதைச் சட்டம்போல் எழுதிவிட்டேன். குரலில்தான் தெரியும் என்றும் அடித்துச் சொன்னேன். உங்களுக்கு அது பொருந்தாது. அந்த மணி நேரத்தில் நீங்கள் வாரத்துக்கு 5 சாம்பிள் கட்டி, கையால் எழுதிய ஒரு பக்கத்தோடு அனுப்புங்கள், அடுத்த வாரம் நேரில் போய் நில்லுங்கள். எண்ணிக்கை குறையும், பரவாயில்லை. சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் முதல் சொல் வரத் தாமதமானால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். போனுக்கு மட்டும் வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதிலும் குறையில்லை. முதல் 50 பேச்சை நீங்களேதான் பேச வேண்டும் என்றேனே, அதை நீங்களே கேட்க வேண்டும் என்று மாற்றிப் படியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டால் போதும்.

அவர் பதில் எழுதியிருக்கிறார், இந்த வாரம் 3 சாம்பிள் போயிருக்கிறதாம்.

ஏப்ரல் 17

முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். ஜனவரி 12-இலிருந்து எழுதி வைத்த கணக்கை அனுப்பியிருக்கிறார். 71 வேலை நாளில் 58 நாள் அந்த மணி நேரத்தை விடாமல் செய்திருக்கிறார். விட்ட 13 நாளில் 9 நாள், வேலை நெருக்கிய நாட்கள். பேசியது 214 பேர், அதில் புதியவர்கள் 46. கொட்டேஷன் கேட்டது 17, ஆர்டர் 4. "4தானா அக்கா?" என்று கேட்கிறார்.

46 புதியவரில் 4 நல்ல எண்ணிக்கை தம்பி. கடைசி ஆறு வாரத்தில் பேசிய புதியவர்கள் 20 பேராவது இருப்பார்கள், அவர்கள் ஆர்டர் தர இன்னும் நேரமே வரவில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி: வழக்கமான நாள் தாண்டிப் பேசாமல் இருந்த பழைய வாடிக்கையாளர்கள் 8 பேரைக் கூப்பிட்டதில் 3 பேர் ஆர்டர் தந்திருக்கிறார்கள். ஒருவர், "நீங்க தொழிலை நிறுத்திட்டீங்கன்னு யாரோ சொன்னாங்க" என்றாராம். ஒரு போன் போகாவிட்டால் அப்படியே நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

அந்த 9 நாளைத்தான் பார்க்க வேண்டும். வேலை நெருக்குகிற நாளில் 5 பேர் முடியாவிட்டால் 2 பேர். 0 மட்டும் வேண்டாம். ஜூலையில் உங்கள் கல்லா எப்படி இருக்கும் என்பதை அந்த 2 பேர்தான் சொல்வார்கள்.

11 முறை வேண்டாம் என்றவரைப் பற்றி இரண்டு பேர் விசாரித்திருந்தீர்கள். 12-ஆம் முறை கூப்பிட்டேன். அந்தப் பொருளைச் செய்வதையே நிறுத்திவிட்டாராம். வயதாகிவிட்டது, மகன் வேறு வேலையில் இருக்கிறான் என்றார். கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், வழக்கத்தைவிட அதிகம். பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தபோது, "உங்க பெட்டி எங்களுக்கு ஒத்துவரலை, ஆனா ஒருத்தருக்கு ஒத்துவரும்" என்று சொல்லி ஒரு எண் கொடுத்தார். நாளைக் காலைப் பட்டியலில் அதுதான் முதல் பெயர்.